ஸ்கில்: மூன்று வரி அதிகம்

“மேடம், ஸ்கில் இருக்குற பக்கத்துல மூணு வரி வெளிய தள்ளுது. எதையாவது வெட்டிக் குடுங்க, பன்னண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும்.”

பக்கம் அமைப்பவர் கதவருகிலேயே நின்று சொன்னார். இந்த அறைக்குள் வர இப்போதெல்லாம் யாருக்கும் கால் எழுவதில்லை.

அறையில் இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் கணவருடையது. முதுகோடு முதுகாக உட்கார்ந்து பத்தொன்பது வருடம் வேலை பார்த்தோம். அவர் போய் ஏழு மாதமாகிறது. நாற்காலியை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

இந்த ஆங்கிலம்-தமிழ் அகராதிக்கு அவர் எழுதுவார், நான் திருத்துவேன். அலுவலகத்தில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். கட்டின புருஷன் எழுதியதைக்கூடத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுகிறவள் என்று. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கடிதங்களையே பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தவள் இவள் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இன்றைக்கு மட்டும் வெட்ட மனம் வரவில்லை. எஸ் எழுத்துதான் அவர் கடைசியாக எழுதியது. அதில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் அச்சில் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

பக்கத்தை வாங்கிப் பார்த்தேன்.

பொருள்: திறமை, தேர்ச்சி. அதில் வெட்ட ஒன்றுமில்லை. அடுத்தது சொல்லின் பிறப்பு. வடக்குக் கடலோடிகளின் பழைய மொழியிலிருந்து வந்த சொல் என்று எழுதியிருந்தார். அங்கே அதற்குக் கைவேலையோடு சம்பந்தமே இல்லை. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்து அறிவதுதான் அதன் பொருள். கைக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து.

“இது உன்னோட சொல்லு,” என்று அதை எழுதிய அன்று அவர் முதுகுப் பக்கமிருந்து சொன்னார். நான் திரும்பாமலே சிரித்தேன். மெய்யையும் பொய்யையும் பிரித்துவிடும் கண் எனக்கு என்பது அவருடைய எண்ணம். என்னுடைய எண்ணமும் அதுதான்.

அந்தக் குறிப்பில் நான் கை வைக்க மாட்டேன்.

மிச்சம் இருந்தது எடுத்துக்காட்டு. தச்சர் பலகைகளைத் திறமையாக இணைத்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் இரண்டு. சரியாக மூன்று வரி.

உப்புச்சப்பில்லாத வாக்கியம். அவர் இப்படி எழுதக்கூடியவர் இல்லையே என்று உறுத்தியது. மூல அட்டையைப் பார்த்துவிடலாம் என்று எழுந்து பெட்டியைத் திறந்தேன்.

எங்களிடம் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் எழுதியவருக்கு, மூலையில் தேதி. பின்பக்கம் திருத்துகிறவருக்கு. ஓர் எடுத்துக்காட்டு தள்ளுபடியானால், புதியதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பழையதன் மேல் ஒட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது அட்டைகள் என் மேசைக்கு வரும். எதில் என்ன எழுதினேன் என்பது மறுநாளே மறந்துவிடும்.

தச்சர் ஒட்டுத் தாளில்தான் இருந்தார். பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தை வைத்ததும் கையோடு வந்துவிட்டது.

அடியில் அவருடைய சாய்வெழுத்து.

‘ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாமல் அவர் தன் நோயைத் திறமையாக மறைத்து வருகிறார்.’

மூலையில் தேதி. மார்ச் ஒன்பது.

நாங்கள் முதன்முதலாக மருத்துவரிடம் போனது அதற்கு எட்டு மாதம் கழித்து, நவம்பரில். இரண்டு வாரமாக வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றுதான் அவர் அங்கே சொன்னார். கொஞ்சம் முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாம் என்று மருத்துவர் என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், அந்த இரண்டு வாரம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவரோடு சண்டை போட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மார்ச்சில் அவர் அடிக்கடி எழுந்து வராந்தாவுக்குப் போவார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நான் கேலி செய்தது இப்போது நினைவுக்கு வந்தது.

வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. தெரிந்த ஒரே வழியில், அட்டையில் எழுதி, மற்ற அட்டைகளோடு தட்டில் வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

பக்கம் அமைப்பவர் கதவருகில் தொண்டையைச் செருமினார். தச்சரை எடுத்துவிடச் சொன்னேன். மூன்று வரி போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

எதை வெட்டினாலும் அட்டையின் பின்பக்கம் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது நான் போட்ட விதி. சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு அட்டையைத் திருப்பினேன்.

அங்கே ஏற்கெனவே என் கையெழுத்து இருந்தது. மார்ச் பத்து.

‘எடுத்துக்காட்டு நம்பும்படி இல்லை. எந்த மனைவிக்குத் தெரியாமல் போகும்? மாற்றவும்.’

அதற்குக் கீழே, பென்சிலில், சின்னதாக அவர் எழுதியிருந்தார்: சரி.