கம்பளம் வெட்டித் திறந்த பள்ளி

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் யாரும் வெளியே போவதாகத் தெரியவில்லை.

தறியில் கம்பளம் நிமிர்ந்து நின்றது. குளிர்காலம் முழுக்க அவள் நெய்தது. பாவு நூல்களை அறுத்துவிட்டால் இறக்கிவிடலாம்.

அறுக்கும்போது அறைக்குள் பெண்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட வேண்டும். தறியில் இருக்கும்வரை கம்பளத்துக்கு உயிர் உண்டு. அறுபட்டால் அது போகும். தனியாகப் போகாது. பக்கத்தில் நிற்கும் ஆண்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போகும்.

அன்றைக்கே.

அட்லஸ் மலையின் இந்தப் பெர்பர் ஊரில் இதைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. நெருப்பு சுடுமா என்று விவாதிக்கிறார்களா என்ன?

அவளுடைய மாமனார் மட்டும் ஒருமுறை சிரித்துக்கொண்டே உள்ளே நின்றார். அன்று மாலை மேய்ச்சலிலிருந்து ஆடுகள் மட்டும் திரும்பி வந்தன.

இன்று தொண்டு நிறுவனத்தின் தலைவர் வந்திருந்தார். கல்வியையும் கைத்தொழிலையும் ஒரே வருகையில் வாழவைத்துவிட்டுப் போகத் திட்டம். புதுப் பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும். ரிப்பன் வெட்டுவதெல்லாம் பழைய பாணி, தறியைப் பள்ளிக்குள் வைத்துக் கம்பளத்தையே வெட்டித் திறக்கலாம் என்று தலைமை அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி.

பள்ளிக்கு வாத்தியார் இன்னும் வரவில்லை.

கல்வெட்டு வந்துவிட்டது. தலைவரின் பெயர் பொறித்த பளிங்குப் பலகை. நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கி, வாசலுக்கு மேலே இரும்புக் கொக்கிகளில் மாட்டியிருந்தார்கள்.

தலைவர் பேசினார். இந்த மலை தன்னை அழைத்தது என்றார். வரும் வழியில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்ததைச் சொல்லவில்லை.

அறையில் தலைவர். புகைப்படக்காரர். வட்டார அதிகாரி. ஊர் ஆண்கள் எல்லாரும் காலையிலேயே அக்ரூட் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பாவம், கூச்ச சுபாவம் என்றார் புகைப்படக்காரர். படத்துக்கு உள்ளூர் ஆண் ஒருவராவது வேண்டும் என்றும் சொன்னார்.

அப்போதுதான் மோஹா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தான்.

அவள் புருஷன்.

தறிக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினார்கள்.

அவள் மொழிபெயர்ப்பாளரிடம் போனாள். அவர் நகரத்துப் பெண்; 'லாலா' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும்.

"லாலா, ஆம்பளைங்கள வெளிய போகச் சொல்லுங்க. அறுக்கும்போது உள்ள நின்னா ஒரு உசுரு போயிடும்."

மொழிபெயர்ப்பாளர் புரிந்ததுபோல் தலையசைத்தார். தலைவர் பக்கம் திரும்பினார்.

"தங்கள் கையால் வெட்டுப்படுவது இந்தக் கம்பளத்தின் பாக்கியம் என்கிறார்."

அதிகாரி முதல் ஆளாகக் கைதட்டினார்.

அவள் மோஹாவின் அருகே நகர்ந்தாள். "போயிடு. தட்ட எடுத்துட்டுப் போற மாதிரி போயிடு."

கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னான். "சும்மா இரு. பள்ளிக்கூடத்துக்குக் காவக்காரன் வேலை எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. வாய வச்சுக் கெடுத்துடாத."

வெளியே இன்னும் பனி உருகவில்லை. அவன் நெற்றி வியர்த்திருந்தது.

கத்தரிக்கோல் வெள்ளித் தட்டில் வந்தது. தங்க முலாம். ரிப்பனை மட்டுமே வெட்டிப் பழகியது. கம்பளி நூலைச் சவைத்தது. தலைவர் பல்லைக் கடித்தார். முகம் சிவந்தார். பாதியில் கை ஓய்ந்தது.

"மிச்சத்தை நம் உள்ளூர்ச் சகோதரர் வெட்டட்டும்," என்றார். "இதைத்தான் நாங்கள் மக்கள் பங்கேற்பு என்கிறோம்."

மோஹா கத்தரிக்கோலை வாங்கினான்.

அவளைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான்.

வெட்டினான்.

கடைசி நூல் விட்டதும் கம்பளம் சரிந்து தரையில் மடிந்தது. சுவரோரம் நின்ற ஊர்ப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

அவள் கிண்ணத்துத் தண்ணீரை அதன்மேல் தெளித்தாள். சாகிறவர் வாயில் விடும் தண்ணீர். தலைவர் மேலும் இரண்டு துளி தெறித்தது. ஆசீர்வாதம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது கேமராவில் படங்களைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கல்வெட்டு சாய்ந்து தெரிந்தது.

காவல்காரனுக்கு முதல் வேலை கிடைத்தது.

மூன்று ஆண்களும் ஜீப்பில் ஏறினார்கள். மொழிபெயர்ப்பாளரும் சுருட்டிய கம்பளமும் பின்னால். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை.

பெண்கள் மேட்டின் விளிம்பில் வந்து நின்றார்கள். அவளும் நின்றாள்.

கீழே இறங்கிய வண்டிகள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஹாரன் அடிக்கும். எல்லாரும் நல்லபடியாகச் சேர்ந்தோம் என்று ஊருக்குச் சொல்லும் வழக்கம். மற்ற நாட்களில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் வீட்டுக்குள் போவாள்.

இன்று அவள் அவர்களுக்காக வேண்டிக்கொள்ளவில்லை.

வளைவுகளை நினைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக. ஓரம் சரிந்துபோன அந்தக் கடைசி வளைவில் கொஞ்சம் நின்றாள்.

அங்கே மூன்று பேர். இங்கே ஒருவன்.

மூடுபனிக்குள் எஞ்சின் சத்தம் தேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

வெகுநேரம் எதுவும் இல்லை.

ஒரு கிழவி மெல்ல அவள் கையைப் பற்றினாள்.

அப்போது கேட்டது.

ஹாரன். நீளமாக. குஷியாக. ஒன்றுக்கு இரண்டு முறை.

கிழவி கையை விட்டாள். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

பின்னால், பள்ளிக்கூட வாசலில் சுத்தியல் சத்தம்.

மோஹா ஏணியின் மேல்படியில் நின்றிருந்தான். தலைக்கு நேர் மேலே பளிங்கு.

"கேட்டியா?" என்று கத்தினான். "எறங்கிட்டாங்க! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நீ வேற, என்னையும் பயமுறுத்திட்ட."

கல்வெட்டு ஏறக்குறைய நேராகிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு தட்டு.

அவள் ஓடினாள்.