எண்ணூறு வெள்ளி

வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்குள் பிரெண்டாவின் கையிலிருந்து பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மார்வின் குனிந்து அதை எடுத்து, துடைத்து, மிகுந்த மரியாதையோடு அவளிடம் நீட்டினான்.

மலேசியாவின் கிள்ளானில் அந்தச் சமூக நல அலுவலகத்தின் விசாரணை அறை சிறியது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி மலர். இந்தப் பக்கம், மூன்று வருடங்களாகப் பிரிந்து வாழும் கணவனும் மனைவியும். இருவரும் இப்படி ஒரே அறையில் உட்காருவது இது மூன்றாம் முறை. முதல் இரண்டும் ஜீவனாம்ச வழக்குக்காக, நீதிமன்றத்தில்.

மலர் கோப்பைத் திறந்தார். எட்டு வயது மகள் ஏமிக்காக பிரெண்டா மாதம் இருநூறு வெள்ளி உதவித்தொகை வாங்குகிறாள். கணவனிடமிருந்து ஒன்றும் வருவதில்லை என்று எழுதிக் கொடுத்து, இரண்டு வருடமாக வாங்குகிறாள். போன மாதம் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மார்வின் துறைமுகத்தில் வேலை செய்கிறான், மாதாமாதம் முந்நூறு வெள்ளியைக் கையில் கொடுக்கிறான், பிரெண்டா அதை மறைக்கிறாள் என்று அதில் இருந்தது.

இப்படிப் புகார் வந்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதை எழுதி வாங்கி, ஆளுக்கொரு நகல் கொடுப்பது அங்கே வழக்கம்.

"மாசம் முந்நூறு குடுக்கிறது உண்மையா?" என்று மலர் மார்வினிடம் கேட்டார். "உண்மைன்னா இவங்க வாங்கினதுல பாதியைத் திருப்பிக் கட்டணும். இல்லன்னா இப்பவே ஃபைலை மூடிடுவேன்."

மார்வின் ஒரு காசும் கொடுத்ததில்லை. அது அவனுக்கும் தெரியும், தலையைக் குனிந்திருந்த பிரெண்டாவுக்கும் தெரியும்.

வீட்டை விட்டுப் போன அன்று, மகளுக்குப் பால் வைக்க வேண்டும் என்று பிரெண்டா பிரிட்ஜை மட்டும் கேட்டாள். வாங்கி ஏழு மாதமே ஆன பிரிட்ஜ். மறுநாள் மார்வின் பழைய இரும்பு வாங்கும் லோரியை நிறுத்தி, இருபது வெள்ளிக்கு அதை ஏற்றி அனுப்பினான். ஒரு வருடம் குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் இருந்தான். அவனுக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை.

"இந்தப் பேப்பர் வேற எந்த ஆபீசுக்காச்சும் போகுமா மேடம்?"

"நாங்க அனுப்ப மாட்டோம். எங்க ஃபைல்லதான் இருக்கும்."

மார்வின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"முந்நூறு இல்ல மேடம். எண்ணூறு."

அதன்பிறகு அவன் நிறுத்தவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதாகவும், ஓவர்டைம் சேர்த்து ஐயாயிரத்து அறுநூறு வருவதாகவும், பெற்ற மகளுக்கு எண்ணூறு ஒரு பெரிய காசே இல்லை என்றும் சொன்னான். கைபேசியில் சம்பளச் சீட்டைக் காட்டினான். அடையாள அட்டை எண்ணை எழுதி, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். அவன் பேனா கீழே விழவில்லை.

எண்ணூறு என்றால் பாதி இல்லை, முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும் என்றார் மலர். நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி. மாதம் நூறாகக் கட்டலாம். அடுத்த மாதத்திலிருந்து உதவித்தொகையும் நின்றுவிடும். ஏமியின் பள்ளி வேனும் டியூஷனும் அந்த இருநூறில்தான் ஓடின. டோபிக் கடையில் துணி மடிக்கும் பிரெண்டாவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும்.

"நீங்க இதை மறுக்கலாம்மா. அப்பீல் பண்ண ஒரு மாசம் டைம் இருக்கு. ஏதாச்சும் சொல்றீங்களா?"

"இன்னைக்கு வேணாம் மேடம்," என்றாள் பிரெண்டா. "அவர் எழுதினதுல ஒரு காப்பி மட்டும் குடுங்க. ரெண்டு பக்கத்துலயும் சீல் வேணும்."

மலர் அவளைப் பரிதாபத்தோடு பார்த்துவிட்டு, சீலை எடுத்தார்.

வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், மார்வின் அவளுக்காகக் காத்திருந்தான்.

"அன்னைக்கே சொன்னேன்லா, நீ ரோட்டுல நிப்பேன்னு. அந்த லெட்டர் எழுதின ஆளு மட்டும் கிடைச்சா, வாழை இலை போட்டு மீன் தலைக்கறி வாங்கிக் குடுப்பேன்."

பிரெண்டா பையிலிருந்து நீல நிறக் கோப்பு ஒன்றை எடுத்து, நகலை அதற்குள் வைத்தாள். கோப்பின் மேல் ஒரு வழக்கு எண் ஒட்டியிருந்தது. மார்வின் அதைப் படித்தான். பிறகு இன்னொரு முறை படித்தான்.

"அது எதுக்கு இப்போ?"

"வியாழக்கிழமை கோர்ட்டு. வேலை இல்ல, அம்மா பென்ஷன்லதான் சாப்பிடறேன்னு ரெண்டு தடவை சத்தியம் பண்ணீங்க. உங்களுக்குச் சம்பளம் வருதுன்னு எழுத்துல ஏதாச்சும் கொண்டு வாங்கன்னு லாயர் கேட்டாரு." அவள் கோப்பை மூடினாள். "ஏமிக்குப் பதினெட்டு ஆக இன்னும் பத்து வருஷம் இருக்கு."

ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டிருந்த மார்வினின் விரல்கள் பாதியில் நின்றன.

"அந்த லெட்டர் வரலன்னா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்," என்றான். குரல் கீழே போயிருந்தது. "எவன் எழுதினான் அதை?"

பிரெண்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் முந்நூறுன்னுதான் எழுதினேன்."