பட்டினித் தட்டு

“இதுங்களுக்கு யாரு சாப்பாடு போட்டது?”

ஷிராஸ் போட்ட சத்தத்தில், வெளியே நடந்துபோன நர்ஸ் ஒருத்தி நின்று எட்டிப் பார்த்தாள். நோன்பு திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எதிர் மேசையில் எழுதிக்கொண்டிருந்த இஸ்கந்தர் தலையைத் தூக்கினான்.

“என்னை ஏன் முறைக்கிற? நானே விடியக்காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல.”

“உன்னை முறைக்காம வேற யாரை முறைக்கிறது? ரெண்டு நாள் பட்டினி போடணும்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கேன். வந்து பாரு, எப்படிக் கொழுகொழுன்னு இருக்குதுங்கன்னு!”

அவள் காட்டியது நுண்ணோக்கியின் அடியில் இருந்த சின்னத் தட்டை. அதில் இருந்தவை, ஒரு நோயாளியின் மார்பகக் கட்டியிலிருந்தும் அதைச் சுற்றியிருந்த சதையிலிருந்தும் எடுத்து, சேர்த்து வளர்த்த செல்கள். பட்டினி கிடக்கும் கட்டி தன்னைச் சுற்றியுள்ள செல்களிடம் என்ன பேசுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்குக் கொடுத்த பயிற்சி.

ஸ்ஃபாக்ஸ் நகர மருத்துவமனையின் அந்த ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அடுத்த வருஷம் தங்கப்போவது ஒருவர். வியாழக்கிழமை இருவரும் தாங்கள் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். இஸ்கந்தரிடம் சொல்ல நாற்பது பக்கம் இருந்தது. ஷிராஸிடம் இருந்தது கெட்டுப்போன தட்டுகள்.

முதல் முறை தன் கைத்தவறு என்று நினைத்தாள். இரண்டாம் முறை கழிப்பறையில் போய் அழுதாள். மூன்றாம் முறை செல்கள் இருக்கும் இன்குபேட்டரைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு தூங்கினாள். இன்றைக்கும் அதே கதை.

சத்தம் கேட்டு, பயிற்சி கொடுக்கும் மேடம் நஸீஹா உள்ளே வந்தார்.

“மேடம், ஒண்ணு இவனை அனுப்புங்க, இல்ல நான் போறேன். திருட்டுத்தனமா வந்து என் தட்டுல சத்து நீரை ஊத்திட்டுப் போறான்.”

“சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?”

“மாத்துச் சாவி செய்ய எவ்வளவு நேரமாகும்?”

“வல்லாஹி, சத்தியமா எனக்கு முட்டை அவிக்கவே தெரியாது,” என்றான் இஸ்கந்தர். “உன் செல்லுக்கு வந்து விருந்து வைக்கிறேனாக்கும்!”

மேடம் கையைக் காட்டி இருவரையும் அடக்கினார். “எல்லாத் தட்டுலயுமா இப்படி?”

“அங்கதான் இவன் கெட்டிக்காரத்தனம் இருக்கு. கட்டிச் செல் தனியா இருக்கிற தட்டையெல்லாம் விட்டுட்டான். அதெல்லாம் ஒழுங்கா சுருண்டு கிடக்கு. பக்கத்துச் செல்லோட சேத்து வளக்கிற தட்டுல மட்டும் கை வச்சிருக்கான். எது முக்கியம்னு தெரியுமில்ல இவனுக்கு!”

“நீ என்ன சொல்ற, இஸ்கந்தர்?”

அவன் எழுந்து வந்தான். அவளை விலகச் சொல்லிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். தட்டை ஒரு மயிரிழை நகர்த்தினான், இன்னொரு மயிரிழை. பசியில் அவன் வயிறு கடமுடவென்றது மற்ற இருவருக்கும் கேட்டது.

“ஷிராஸ், நீ கட்டிச் செல்லை மட்டும்தான் பாத்தியா?”

“வேற எதைப் பாக்கணும்? உன் கைரேகையையா?”

“பக்கத்துல இருக்கிறதைப் பாரு. நூல் மாதிரி இளைச்சுக் கிடக்கு. வெளியிலேர்ந்து நான் ஊத்தியிருந்தா அதுங்களும்தானே தின்னு கொழுத்திருக்கும்?”

ஷிராஸ் குனிந்து பார்த்தாள். நிமிர வெகுநேரமாயிற்று. நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை, வேறு என்னவோ இருந்தது.

அடுத்த வருஷம் இங்கே யார் தங்கப்போகிறார் என்பது இஸ்கந்தருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

“எழுதிக்க,” என்றான் அவளிடம். “இதுங்களுக்கு ஊட்டினது பக்கத்து வீட்டுக்காரங்க. தங்களோட உடம்பையே கரைச்சு.”