கறுக்காத ஆயில்

“ஏலே பாண்டி, எல்லா ஜீப்பும் இதே மலையிலதான் ஏறி எறங்குது. ஐயாயிரம் கிலோமீட்டர்ல மத்தவைங்க ஆயிலு தார் மாதிரி ஆயிருது. ஒன்னுது மட்டும் இன்னும் வழுவழுன்னு இருக்கே, எப்பிடிடா?”

கம்பத்தில் பட்டறை வைத்திருக்கும் பங்கிராஸ், ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தபடி கேட்டார்.

“பாத்து ஓட்டுறதுதாண்ணே,” என்று சிரித்தான் பாண்டீஸ்வரன்.

வீட்டுக்குப் போனதும் பங்கிராஸ் மனைவியிடம் சொன்னார். “பெனிட்டா, இனி ஏலத்தோட்டத்துக்குப் பாண்டி ஜீப்புலயே போ. மத்தவைங்க வண்டியப் போட்டு அடிச்சு ஓட்டுறாய்ங்க.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஆயிலப் பாத்தா டிரைவரத் தெரியாதா எனக்கு? மலைப்பாதை, உசுருதான் முக்கியம். முன் சீட்டே கேட்டு வாங்கித் தாரேன்.”

முன் சீட்டே கிடைத்தது.

அடுத்த மாதம், வேலை முடிந்து திரும்பும்போது, கம்பம்மெட்டு இறக்கத்தில் அந்த ஜீப் பள்ளத்தில் உருண்டது. பெனிட்டாவும் பாண்டீஸ்வரனும் அங்கேயே இறந்துபோனார்கள்.

பின் சீட்டில் இருந்து பிழைத்த மகாலட்சுமியை ஆஸ்பத்திரியில் பார்த்தார் பங்கிராஸ்.

“அம்புட்டு நிதானமா ஓட்டுறவன், எப்பிடி ஆத்தா பள்ளத்துல விட்டான்?”

“எறக்கம் வந்துட்டா எப்பவும் இஞ்சினை ஆஃப் பண்ணிருவாப்லண்ணே. டீசல் மிச்சமாம். அடிவாரம் வரைக்கும் வண்டி சும்மாவே உருண்டு வரும். இன்னைக்கு பிரேக்கு பிடிக்கல.”

தினமும் பாதி வழி ஓடாத இஞ்சினில் ஆயில் எப்படிக் கறுக்கும்? பங்கிராஸ் அன்று ஆயிலைத் தேய்த்த விரலைப் பார்த்தார்.

மகாலட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். “எறக்கத்துல சத்தமே இருக்காதுண்ணே. அக்கா நல்லா ஒறங்கிருவாக.”