அடுப்பு எரியாத வீடுகள்

மனிதகுலத்தின் எதிர்காலமே அன்றைய இரவுச் சாப்பாட்டில்தான் இருந்தது. குடியிருப்புச் செயலாளர் வைகுந்தநாதன் மொட்டைமாடிக் கூட்டத்தில் அப்படித்தான் முழங்கினார். கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை. சூட்டைக் குறைக்க வந்த புதுச் சட்டப்படி, இரவில் ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தாலும் கட்டடம் முழுவதற்கும் விடியும்வரை ஏசி நின்றுவிடும்.

"தயிர்ல அவலை ஊறப்போட்டுச் சாப்பிடுங்க. நாக்கை அடக்குங்க!"

சுவர் ஒலிபெருக்கி குறுக்கிட்டது: "செயலாளர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஏசி நிறுத்தப்பட்டது."

"மெஷின் கோளாறு," என்றார் அவர்.

பக்கத்து வீட்டு ஷமீனா, வேர்க்குரு பூத்த கைக்குழந்தைக்கு முந்தானையால் விசிறினாள். "எண்ணெய் வாசனையும் கோளாறுதானா சார்?"

படிக்கட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள்: "ஏங்க, நீங்க கேட்ட அப்பளம் பொரிச்சாச்சு!"

தலைகுனிந்து இறங்கினார். சற்று நேரத்தில் ஷமீனாவும் வீடு திரும்ப, பக்கத்துச் சுவருக்கு அப்பால் குழந்தை புழுக்கத்தில் வீறிட்டு அழுதது. நொறுங்கும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று, நாலு அப்பளத்தையும் தயிரில் ஊறவைத்துத் தின்றார்.