பெரியவர் கண்டுபிடித்த சிறுத்தை

"லெமாலி அண்ணே, உங்களுக்குக் கண்ணு தெரியுதா, இல்லையா?"

ஹைக்கா நேராகவே கேட்டுவிட்டாள். அருஷாவில் நாலே நாலு ஜீப்பை வைத்துக்கொண்டு சஃபாரி கம்பெனி நடத்துகிறவளுக்குச் சுற்றி வளைக்க நேரம் ஏது?

எதிரே நின்ற லெமாலி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகக் காட்டுக்குள் வண்டி ஓட்டி, மிருகங்களைக் காட்டுகிற வழிகாட்டி.

"நல்லாத் தெரியுதேம்மா."

"அப்ப இதைக் கேளுங்க. போன வாரம் நீங்க செரெங்கெட்டி கூட்டிட்டுப் போனீங்களே, தார் எஸ் சலாம் குடும்பம், அந்த ஷோமாரி எழுதியிருக்கார்."

கைபேசியைப் பார்த்துப் படித்தாள்.

'நாலு நாளில் உங்கள் வழிகாட்டி ஒரு மிருகத்தைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மரத்தில் படுத்திருந்த சிறுத்தையைக் கண்டுபிடித்தது என் அப்பா. புதருக்குள் சிங்கக் குட்டிகள், அதுவும் அப்பா. காண்டாமிருகமும் அப்பாதான். அவருக்கு எழுபத்தாறு வயது. இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை என்று உப்பை அள்ளி டீயில் போடுகிறவர். கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு உங்கள் ஆள் அவரைப் பார்த்து, "பெரியவரே, அது என்ன?" என்று கேட்கிறார்!'

ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் சத்தமாகவே சிரித்துவிட்டான்.

ஹைக்கா லெமாலியை வாசலுக்குக் கூப்பிட்டாள். "வெளியே வாங்கண்ணே. அந்த முக்குல ஒரு மினி பஸ் நிக்குதே, அதோட நம்பர் என்ன?"

லெமாலி கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. நம்பரை ஒப்பித்தார். "கண்டக்டர் சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மெக்கானிக் எழுந்து முக்குவரை ஓடிவிட்டு வந்தான். "ரெண்டாவது பொத்தானேதான்க்கா!"

அதுவரை ஹைக்காவுக்கு இருந்தது பரிதாபம். இப்போது கோபம் வந்தது.

"ஆக, கண்ணு இருக்கு. வேலை செய்யத்தான் மனசு இல்ல. நம்பி வந்தவங்களே மிருகத்தையும் தேடிக்கணும், நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாப்பீங்க. அப்படித்தானே?"

"அவங்க சந்தோஷமா ஊர் போய்ச் சேந்தாங்களாம்மா?"

"பேச்சை மாத்தாதீங்க! நாளையிலேருந்து உங்களுக்கு வண்டி கிடையாது. கூடாரமும் மெத்தையும் கிடக்குதே, அந்தக் கிடங்கைப் பாத்துக்குங்க."

"சரிம்மா."

வண்டிச் சாவியை உள்ளே மேஜைமேல் வைத்துவிட்டு லெமாலி கிடங்குப் பக்கம் நடந்தார்.

ஹைக்கா மன்னிப்புக் கேட்க ஷோமாரிக்குப் போன் போட்டாள். எடுத்தது வயதான குரல்.

"ஷோமாரி குளிக்கறான். நான் அவன் அப்பா, செஃபு."

"ஷிக்கமூ, வணக்கம் பெரியவரே. அருஷாவிலேருந்து ஹைக்கா பேசறேன்."

"மரஹாபா, மரஹாபா, நல்லாயிரு! சஃபாரிப் பொண்ணா? உனக்குப் புண்ணியமாப் போகட்டும். கிளம்பறப்போ, 'நாங்க கூரையைத் திறந்து நின்னு பாக்கறோம், தாத்தாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, டிரைவர் பக்கத்துல கிடக்கட்டும்'னாங்க. ரெண்டாம் நாளு, என் மடியில யார் உக்காரறதுன்னு பேரப்பசங்க அடிதடி! இப்ப வாசல்ல மீன்காரன் வந்தாக்கூட மருமக, 'மாமா, மீன் புதுசா பாத்துச் சொல்லுங்க'ங்கறா!"

"நல்ல வேளை நீங்க இருந்தீங்க. அந்த வழிகாட்டியை நான் கிடங்கு வேலைக்கு மாத்திட்டேன்."

மறுமுனையில் கதவு சாத்துகிற ஓசை. பெரியவர் குரல் ரகசியமாக வந்தது.

"அடிப்பாவி, காரியத்தைக் கெடுத்தியே! நான் எங்கம்மா கண்டுபிடிச்சேன்? நாலு நாளும் எனக்கு வெறும் வெள்ளைப் புகைதான் தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படி…?"

"அவரு வண்டியை நிறுத்துவாரு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, 'பெரியவரே, அது என்ன?'ம்பாரு. உடனே, என் காதுக்கு மட்டும் எட்டற மாதிரி, 'கிளையிலேருந்து வாலு தொங்குது, உடம்பெல்லாம் புள்ளி'ன்னு தனக்குத்தானே முணுமுணுப்பாரு. வரிக்குதிரையா மரம் ஏறும்? 'சிறுத்தை!'ன்னேன். மேல நின்னவங்க அத்தனை பேரும் கத்தறாங்க. முப்பது வருஷம் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன்மா நான். கப்பல் வயித்துக்குள்ள கிடக்கற சரக்கு எனக்குத் தெரியவே தெரியாது. கீழ நிக்கறவன் சைகையை வெச்சே தூக்கியிருக்கேன். இது பெரிசா?"

ஹைக்கா மேஜைமேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எப்படிச் சொல்லுவாரு? சொன்னா என் மகன் காதுக்கு வருமில்ல? அவனை நான் பாத்துக்கறேன். நீ முதல்ல அவருகிட்ட வண்டியைக் கொடு."

"இதோ, கிடங்குக்குத்தான் போயிட்டிருக்கேன். அவர் கையைப் பிடிச்சு, நீங்க சொன்னதை அப்படியே சொல்லிடறேன்."

"ஐயய்யோ, அது மட்டும் வேண்டாம்!" பெரியவர் பதறினார். "கொஞ்சம் மங்கலாவாவது எல்லாத்தையும் நான் பாத்துட்டேன்னுதான் அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு. ஒண்ணுமே பாக்கலன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் மனசு ஒடைஞ்சு போயிடுவாரும்மா."