கடலில் இறங்குகிறவர்

“அந்தாளு மறுபடியும் கடல்ல இறங்கிட்டாரு!”

சங்கத் தலைவர் குவாக் போட்ட கத்தலில் தேகுன் ஹெட்போனைக் கழற்றியே வைத்துவிட்டான்.

திரையில் பத்தொன்பது விமானங்கள் ஒழுங்காக ஜேஜு தீவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. இருபதாவது மட்டும் வரிசையை விட்டு மெல்ல இறங்கியது. சக்கரம் அலையைத் தொட்டது. மூழ்கவில்லை. நடுக்கடலில், தண்ணீர் மேல், கொக்கு மாதிரி நின்றது. இரண்டு நிமிஷம் கழித்து எழும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி வரிசையில் வந்து சேர்ந்துகொண்டது.

திங்கட்கிழமைதோறும் இதே கூத்து.

“சனிக்கிழமை சங்கத்தோட பத்தாவது வருஷம். நேரலையில ஊரே பாக்கப்போகுது. அன்னிக்கும் மான்சிக் தண்ணி மேல நின்னா நம்ம மானம் போயிடும். நீ நேரா அவரு வீட்டுக்கே போ. பட்டியல்ல இல்லாத ஃபோல்டர் எல்லாத்தையும் அழி. மாட்டேன்னா ஆளையே சங்கத்தை விட்டுத் தூக்கிடறேன்.”

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் சங்கம் அது. விமான நிலையம், பாலம், தீவு என்று யாரோ செய்து வைத்ததை ஆட்-ஆன் ஃபோல்டராக ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லாரிடமும் ஒரே ஃபோல்டர்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் ஓடுபாதையில் இறங்குவது மற்றவர்களுக்குக் கடலில் இறங்குவதாகத்தான் தெரியும்.

அந்த ஃபோல்டர்களுக்கு எண் போட்டு, அடுக்கி, பட்டியல் வைத்திருப்பவன் தேகுன். பத்தொன்பது வயசு. சொந்தமாக எதையும் செய்யமாட்டான். ஏழாம் வகுப்பில் பொய்ப்பெயரில் ஒன்றே ஒன்று செய்து போட்டான். அது யார் திரையிலும் வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அதோடு சரி.

மறுநாள் மத்தியானம் தொங்யோங் துறைமுகத்துக்குப் பின்னால், மேட்டில் இருந்த மான்சிக்கின் வீட்டுக்குப் போனான். மனிதர் தீவுகளுக்குப் படகு ஓட்டுகிறவர். ஜன்னல் நிறையக் கடல். தூரத்துத் தீவுகள் பனிமூட்டத்தில் பாதி தெரிந்தன, பாதி இல்லை.

“வா தம்பி. கிழங்கு அவிச்சிருக்கேன்.”

“கிழங்கு அப்புறம் அங்கிள். முதல்ல மெஷினைக் காட்டுங்க.”

திறந்ததும் தேகுனுக்குத் தலை சுற்றியது. ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘இதுதான் கடைசி’, ‘நிஜமாவே கடைசி’.

“ஜேஜு மூணு தடவை இருக்கு. ஓடுபாதை நடுவுல மரம் முளைக்குமே?”

“முளைக்கும். பழகிடுச்சு. சுத்திப் போயிடுவேன்.”

“நீங்கள்லாம் எப்படித்தான் படகு ஓட்டுறீங்களோ!”

ஒரு மணி நேரம் வெட்டினான், ஒட்டினான், எண் போட்டான். கடைசியில் ஒன்று மிஞ்சியது. பெயர்: ‘தொடாதே’.

“அது மட்டும் வேணாம் தம்பி.” மான்சிக்கின் குரல் இறங்கியது.

“இதுக்குத்தான் வந்தேன். இது இருந்தா உங்களுக்குச் சங்கம் இல்ல. குவாக் அண்ணன் சொல்லிட்டாரு.”

“சரி. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இறங்கிப் பாத்துடு.”

விமானத்தை இறக்கினான். மேகத்தைக் கிழித்துக்கொண்டு கடல் வந்தது. அலைக்கு நடுவே கோணலாக ஒரு ஓடுபாதை மிதந்தது. ஓரத்தில் ஒற்றைச் சீமைப்பனிச்சைப் பழமரம், பொருத்தமே இல்லாத உயரத்தில். காற்று எந்தப் பக்கம் என்று காட்டக் கம்பத்தில் காற்றுப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் காலுறை ஆடிக்கொண்டிருந்தது.

தேகுனுக்குக் காதெல்லாம் சுட்டது.

“இது... எங்க கிடைச்சுது?”

“சங்கத்து இணையப் பலகையில ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்னப் பையன் போட்டான். முயல்தீவுல விமான நிலையம்னு. எல்லாரும் அங்க போய்ப் பாத்தோம், ஒண்ணுமில்ல. ஓட்டித் தள்ளிட்டாங்க. மறுநாளே பையன் பதிவை அழிச்சுட்டான்.”

“அப்புறம்?”

“எனக்கு மனசு கேக்கல. தீவைச் சுத்திச் சுத்தி வந்தேன். ஒன்பது நாள். ரெண்டு மைல் மேற்கே கிடந்துச்சு. ஒரே ஒரு எண்ணைத் தப்பாப் போட்டிருக்கான், பாவம். தீவுல வைக்கவேண்டியதைக் கடல்ல வச்சுட்டான்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னா மறுபடியும் சிரிப்பாங்களே. என்னைப் பாத்துச் சிரிச்சாப் பரவால்ல.”

மான்சிக் ஃபோல்டருக்குள் இருந்த ஒரு சின்னக் குறிப்பைத் திறந்து காட்டினார். இரண்டே வரி.

‘என் முதல் விமான நிலையம். யாராவது இறங்கினால் சொல்லுங்கள்.’

“எங்க போய்ச் சொல்றது? பேரும் பொய், ஊரும் தெரியாது. அதான் வாராவாரம் இறங்கிட்டு வந்துடறேன். என்னிக்காவது அவன் கண்ணுல படட்டும்னு.”

போன் அடித்தது. குவாக்.

“டேய், முடிஞ்சுதா? அந்தக் குப்பையை அழிச்சியா இல்லையா?”

திரையில் காலுறை ஆடிக்கொண்டே இருந்தது.

“அழிக்கலண்ணே.”

“ஏன்டா? பட்டியல்ல இல்லாததை அழின்னுதானே சொன்னேன்?”

“பட்டியல்ல இப்பத்தான் சேர்த்தேன். சனிக்கிழமை இருபது பேரும் அங்க இறங்கிட்டுத்தான் ஜேஜு போறோம்.”

“பைத்தியமா உனக்கு? அழிடா அதை!”

மான்சிக் கிழங்கை உரித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தேகுன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“முடியாதுண்ணே. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு தடவை அழிச்சதே போதும்.”